விடை சொன்னவர் சிலர், கணக்கோ எல்லார்க்கும்

இணையக் கருத்தாய்வும் எடைக் கணக்கும்: ஒரு பாடம்

பால் மரம் வெட்டிப் பழகிய கைகளுக்குப் பால் கொட்டகையில் நடக்கும் ஒரு செயலைப் பற்றி எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வெட்டு முடிந்து, காண்டாக் கம்பின் இரு முனைகளிலும் வாளிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு தொழிலாளர் வந்து சேர்ந்ததும், கிராணியார் முதலில் பாலை நிறுக்கிறார். அடுத்து, பாலை நன்றாகக் கலக்கி, அதிலிருந்து சிறிதளவே எடுத்துச் சோதிக்கிறார். மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியைக் கொண்டோ, எடுத்த பாலை உறைய வைத்து உலர்த்தி நிறுத்தோ, அப்பாலில் காய்ந்த ரப்பர் நூற்றுக்கு எத்தனை பங்கு என்று காண்கிறார். வாளி முழுவதையும் உலர்த்திப் பார்ப்பவர் எவருமில்லை. ஒரு குவளைப் பால் ஒரு வாளிப் பாலுக்குச் சாட்சி சொல்கிறது. அந்தச் சாட்சி பொய்த்தால் குறைவது தொழிலாளியின் கூலி.

ஆகையால்தான், "கலக்கிவிட்டு எடுங்கள்" என்று அனுபவமுள்ளவர்கள் கேட்டுக்கொள்வது வழக்கம். கலக்காத வாளியின் மேற்புறத்தில் அள்ளிய பால், அடியிலுள்ள பாலைப் பற்றி உண்மை சொல்லும் என்று எவ்வாறு நம்புவது?

இன்னொரு கணக்கையும் பாருங்கள். ஒரு தொட்டியில் 100 கிலோ பால். அதில் காய்ந்த ரப்பர் 30 விழுக்காடு. மற்றொரு தொட்டியில் 20 கிலோ பால். அதில் 40 விழுக்காடு. இரண்டையும் சேர்த்தால் சராசரி என்ன? முப்பதையும் நாற்பதையும் கூட்டி இரண்டால் வகுத்து, 35 என்று சொல்பவர் தவறுகிறார். முதல் தொட்டியில் 30 கிலோ, இரண்டாவதில் 8 கிலோ; ஆக 120 கிலோ பாலில் 38 கிலோ காய்ந்த ரப்பர். சரியான சராசரி ஏறத்தாழ 31.7 விழுக்காடுதான். பெரிய தொட்டிக்குப் பெரிய எடையும் சிறிய தொட்டிக்குச் சிறிய எடையும் தர வேண்டும் என்பதே இதன் பொருள்.

இவ்விரண்டு செய்திகளையும் மனத்தில் இருத்திக்கொண்டால், இம்மாதம் நாம் விளக்க எடுத்துக்கொண்ட பொருள் எளிதில் விளங்கும். இணையத்தின் வழி மக்களிடம் கருத்துக் கேட்கும்போது கிடைக்கும் விடைகளை, மக்கள் அனைவரின் நிலைக்கும் பொருந்துமாறு எவ்வாறு திருத்துவது என்பதே அப்பொருள்.

கலக்காத வாளி

அரசாங்கம் ஒரு திட்டத்தை வகுக்கும் முன் மக்களின் நிலையை அறிய வேண்டும். எத்தனை பேருக்கு வேலை இல்லை, எத்தனை வீடுகளில் முதியோர் தனித்து வாழ்கின்றனர், எவ்விடத்திற்குப் பேருந்து தேவை என்பனவற்றை அறியாமல் பணம் ஒதுக்க இயலாது. எல்லாரையும் கேட்பது பத்தாண்டுகளுக்கு ஒரு முறை நடைபெறும் மக்கள் கணக்கெடுப்பு. இடைப்பட்ட காலத்தில் சிலரைக் கேட்டுப் பலரை அறியும் முறைக்குக் கருத்தாய்வு என்று பெயர். கேட்கப்படும் அந்தச் சிலர் மாதிரி எனப்படுவர்.

மாதிரியை முறையாக எடுப்பது எப்படி என்பதை உலகம் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளது. கல்கத்தாவில் 1931-இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய பேராசிரியர் மகலனோபிஸ், வங்காளத்தின் சணல் விளைச்சலை வயல் வயலாக அளக்காமல், சீட்டுக் குலுக்குவது போல் இடங்களைத் தெரிந்தெடுத்து அளந்தே மதிப்பிட்டுக் காட்டினார். பின்னர் 1950-இல் இந்தியா முழுவதற்குமான மாதிரிக் கணக்கெடுப்பு அவருடைய வழிகாட்டலில் தொடங்கியது. அம்முறையின் உயிர்நாடி ஒன்றே: யார் மாதிரியில் வரவேண்டும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்க வேண்டும், கேட்பவரின் வசதியோ, சொல்பவரின் விருப்பமோ தீர்மானிக்கக் கூடாது. குலுக்கல்தான் வாளியைக் கலக்கும் கை.

இணையக் கருத்தாய்வில் பெரும்பாலும் அந்தக் கை இல்லை. கேள்விகள் கைப்பேசிக்கு வருகின்றன, விரும்பியவர் விடை தருகிறார், விரும்பாதவர் விட்டுவிடுகிறார், கைப்பேசியே இல்லாதவருக்கோ கேள்வி வந்ததே தெரியாது. ஆயினும் இம்முறையை நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. செலவு குறைவு, விரைவு மிகுதி. நெருக்கடிக் காலத்தில் வேறு வழியே இல்லாமலும் போகலாம்.

நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. கோவிட் பெருந்தொற்றின்போது 2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு நடப்புக்கு வந்தது. எவரும் எவர் வீட்டுக்கும் செல்ல இயலாத அந்நாளில், மக்களின் வேலையும் வருமானமும் என்ன ஆயின என்று உடனே அறிய வேண்டியிருந்தது. மலேசியப் புள்ளிவிவர இலாகா மார்ச் 23 முதல் 31 வரை இணையத்தின் வழி ஒரு சிறப்பு ஆய்வை நடத்தியது. 168,182 பேர் விடையளித்தனர். ஏப்ரல் மாதத்தில் இரண்டாவது சுற்றும் நடைபெற்றது. அதில் 41,386 பேர் கலந்துகொண்டனர். பேரிடரின் நடுவே ஒன்பது நாட்களில் இத்தனை பேரின் நிலையை அறிந்தது சிறிய செயலன்று.

ஆனால் அந்த 168,182 பேர் யாவர்? இணைய வசதி உடையவர். கேள்வி வந்த செய்தி எட்டியவர். அமர்ந்து நிரப்பப் பொறுமையும் எழுத்தறிவும் பெற்றவர். அதே 2020-ஆம் ஆண்டில் நாட்டில் இணையத்தைப் பயன்படுத்தியோர் 89.6 விழுக்காட்டினர் என்று இலாகாவின் மற்றோர் ஆய்வு தெரிவித்தது. அதாவது, பத்துப் பேரில் ஒருவர் இணையத்திற்கு வெளியே இருந்தார். அந்த ஒருவர் நாடெங்கும் சமமாகப் பரவியிருந்திருக்க மாட்டார். முதியோரிடையேயும், ஏழைகளிடையேயும், நகரத்திலிருந்து எட்டியுள்ள இடங்களிலும் அத்தகையோர் மிகுதி. ஆகவே விடையளித்தோர் எண்ணிக்கை எவ்வளவு பெரிதாயினும், அது விடையளித்தோரின் நிலையே ஆகும். அதனை நாட்டு மக்கள் அனைவரின் நிலையாக அப்படியே எடுத்துக்கொள்ளல் ஆகாது.

நாம் செய்த பிழை

பிறருக்குப் பாடம் சொல்லும் முன் நம் பிழையையும் ஒப்புக்கொள்வது முறை. சில ஆண்டுகளுக்கு முன், ஈப்போவை அடுத்த வட்டாரத்தில் மாலை நேர விளக்கக் கூட்டங்கள் தேவையா, கைப்பேசியில் செய்தி அனுப்பினால் போதுமா என்று அறிய விரும்பினோம். இணையத்தில் ஒரு பாரத்தை வெளியிட்டோம். கைப்பேசியே போதும் என்று பெரும்பாலோர் விடை தந்தனர். நாமும் மகிழ்ந்து கூட்டங்களைக் குறைத்துக்கொண்டோம்.

பிறிதொரு நாள், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய தோட்டத்திற்கு வேறு அலுவலாகச் சென்றிருந்தோம். பால் மரங்கள் அழிக்கப்பட்டுச் செம்பனை நடப்பட்ட இடம் அது. பழைய லயத்தில் சில குடும்பங்களே எஞ்சியிருந்தன. வாசலில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், "ஐயா, முன்பெல்லாம் மாதா மாதம் வந்து, எந்த உதவிக்கு எங்கே மனுப் போட வேண்டும் என்று சொல்வீர்களே, ஏன் வருவதில்லை?" என்று கேட்டார்.

"பாட்டி, கூட்டம் வேண்டாம் என்று மக்களே சொல்லிவிட்டார்கள்" என்றோம்.

"எந்த மக்கள் ஐயா? என்னை யாரும் கேட்கவில்லையே" என்றார் அவர்.

அக்கேள்விக்கு நம்மிடம் விடையில்லை. அவர் முதியோருக்கான உதவிக்கு அதுவரை மனுச் செய்யாதிருந்தார் என்பதையும் அன்றுதான் அறிந்தோம். கருத்தாய்வில் விடுபட்டுப்போவது ஒரு பெயர் மட்டுமன்று. அதனோடு ஒரு வேளை அரிசியும் மருந்தும் விடுபட்டுப்போகலாம்.

எடைக் கணக்கு

இக்குறையைத் திருத்தப் புள்ளியியலார் கையாளும் முதற்கருவி எடைக் கணக்காகும். தொட்டிப் பாலுக்குச் சொன்ன அதே கணக்குத்தான் இது. ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்கு விளங்குவதற்காக நாமே வைத்தவை.

பழைய தோட்டங்கள் சூழ்ந்த ஒரு குடியிருப்பில் வயது வந்தோர் 1,000 பேர் உள்ளனர். அவர்களில் 40 வயதுக்குக் கீழ்ப்பட்ட இளையோர் 400 பேர். 40 முதல் 59 வயது வரை நடுத்தர வயதினர் 350 பேர். 60 வயதும் அதற்கு மேலும் ஆன முதியோர் 250 பேர். "நம் குடியிருப்புக்கு நடமாடும் மருந்தக வண்டி வேண்டுமா?" என்று இணையத்தில் கேட்கிறோம். 200 பேர் விடை தருகின்றனர். அவர்களில் இளையோர் 140, நடுத்தர வயதினர் 50, முதியோர் 10.

வேண்டும் என்று சொன்னவர்கள்: இளையோரில் 42 பேர், நடுத்தர வயதினரில் 30 பேர், முதியோரில் 9 பேர். ஆக மொத்தம் 81 பேர். 200-இல் 81 என்றால் 40.5 விழுக்காடு. பாதிக்கும் குறைவு. "பெரும்பாலோர் வேண்டவில்லை, வண்டி தேவையில்லை" என்று கோப்பு மூடப்பட்டுவிடும்.

இப்போது மாதிரியையும் குடியிருப்பையும் ஒப்பிடுங்கள். குடியிருப்பில் இளையோர் 40 விழுக்காடு. மாதிரியிலோ 70 விழுக்காடு. குடியிருப்பில் முதியோர் 25 விழுக்காடு. மாதிரியிலோ 5 விழுக்காடு. இளையோர் அளவுக்கு மிஞ்சியும், முதியோர் அளவுக்குக் குறைந்தும் வந்துள்ளனர். ஆகவே ஒவ்வொரு பிரிவினருக்கும் ஓர் எடை தருகிறோம். குடியிருப்பில் உள்ள பங்கை மாதிரியில் உள்ள பங்கால் வகுத்தால் எடை கிடைக்கும்.

இளையோர்: 40-ஐ 70-ஆல் வகுக்க, ஏறத்தாழ 0.57.
நடுத்தர வயதினர்: 35-ஐ 25-ஆல் வகுக்க, 1.4.
முதியோர்: 25-ஐ 5-ஆல் வகுக்க, 5.

வேண்டும் என்ற இளையோர் 42 பேரும் இவ்வெடையால் 24 ஆகின்றனர். நடுத்தர வயதினர் 30 பேர் 42 ஆகின்றனர். முதியோர் 9 பேர் 45 ஆகின்றனர். கூட்டினால் 111. 200-இல் 111 என்பது 55.5 விழுக்காடு. பாதிக்கும் மேற்பட்டோர் வண்டி வேண்டும் என்கின்றனர். விடைகளில் ஓர் எழுத்தும் மாறவில்லை. எவருடைய கருத்தையும் நாம் திருத்தவில்லை. ஒவ்வொரு பிரிவுக்கும் உரிய இடத்தைக் கொடுத்தோம், அவ்வளவே. மூடிய கோப்பு மீண்டும் திறக்கிறது.

எடைக்கு ஒரு விலையும் உண்டு. மேற்சொன்ன கணக்கில் முதியவர் ஒருவர் ஐவருக்காகப் பேசுகிறார். அந்தப் பத்துப் பேரில் ஒருவர் மனம் மாறினாலும் முடிவு 2.5 விழுக்காடு நகர்ந்துவிடும். லெஸ்லி கிஷ் என்னும் புள்ளியியல் அறிஞர் வகுத்த ஒரு சூத்திரப்படி பார்த்தால், எடை போட்ட இந்த 200 பேரின் மாதிரி, முறையாகக் குலுக்கி எடுத்த ஏறத்தாழ 102 பேரின் மாதிரிக்கே சமமாகும். எனவே ஒரு பிரிவில் மிகச் சிலரே விடை தந்திருந்தால், எடை எவ்வளவு கூடுதலாகிறதோ அவ்வளவுக்கு முடிவின் உறுதி குறையும். பத்து முதியோருக்குப் பதிலாக ஐம்பது முதியோர் விடை தருவதே மேலான மருந்து.

வயது மட்டும் போதுமா?

போதாது. ஆண் பெண் என்னும் பிரிவு, கல்வி, தொழில், மாவட்டம், இனம் ஆகியவற்றிலும் மாதிரி சாய்ந்திருக்கக்கூடும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நேராக்குவது எப்படி? இதற்கு அமெரிக்காவின் டெமிங், ஸ்டீபன் என்னும் இருவர் 1940-ஆம் ஆண்டில் ஒரு வழியை எழுதி வெளியிட்டனர். முதலில் வயதுப்படி எடையைச் சரி செய்க. அடுத்து ஆண் பெண் கணக்குப்படி சரி செய்க. இரண்டாவதைச் சரி செய்யும்போது முதலாவது சற்றுக் கலைந்துவிடும். ஆகவே மீண்டும் வயதுக்குத் திரும்புக. பிறகு மீண்டும் ஆண் பெண் கணக்குக்கு வருக. இவ்வாறு மாறி மாறிச் செய்துகொண்டே போனால், ஒரு நிலையில் இரண்டும் ஒருங்கே பொருந்திவிடும்.

காண்டாக் கம்பில் பாரம் தூக்கியவர்களுக்கு இது புதிதன்று. ஒரு பக்கம் தாழ்ந்தால் கம்பைச் சற்று நகர்த்துவோம். மறுபக்கம் தாழ்ந்தால் மீண்டும் நகர்த்துவோம். இரண்டு மூன்று முறையில் தோளில் சமநிலை அமைந்துவிடும். அதே செயலை இன்று கணினி ஒரு நொடியில் செய்கிறது.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். எடை போடுவதற்கு அளவுகோல் ஒன்று தேவை. மக்களில் முதியோர் எத்தனை, பெண்கள் எத்தனை, இம்மாவட்டத்தார் எத்தனை என்று சரியாகத் தெரிந்தால்தான் மாதிரியை அதனோடு ஒப்பிட முடியும். அந்த அளவுகோல் மக்கள் கணக்கெடுப்பிலிருந்தே பெரும்பாலும் கிடைக்கிறது. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மலேசியாவின் மக்கள்தொகை 3 கோடியே 24 இலட்சம். அதில் பேராக் மாநிலத்தவர் ஏறத்தாழ 25 இலட்சம்.

அளவுகோல் பழையதாகிவிட்டால் எடையும் பிழைபடும். 1970-இல் நாட்டில் நகரவாசிகள் 28.4 விழுக்காட்டினரே. 2020-இல் அவர்கள் 75.1 விழுக்காடு. இந்த ஐம்பது ஆண்டுகளில் பால் மரத் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீட்டுமனைகளாகியும் போக, லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் ஈப்போ, சுங்கை சிப்புட் போன்ற ஊர்களுக்கும், கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் பெயர்ந்தன. அன்றைய கணக்கை வைத்து இன்றைய எடையைப் போட்டால், ஆளில்லாத லயத்துக்கு எடை கொடுத்து, ஆள் நிறைந்த அடுக்குமாடி வீட்டை மறந்தவராவோம்.

உலகம் கற்ற இரண்டு பாடங்கள்

எண்ணிக்கை பெரிதாக இருந்தால் போதும் என்று எண்ணிக் கெட்டவர்களுக்கு 1936-ஆம் ஆண்டின் அமெரிக்கத் தேர்தல் சான்றாகும். லிட்டரரி டைஜஸ்ட் என்னும் வார இதழ் ஒரு கோடிப் பேருக்கு அஞ்சல் அட்டை அனுப்பியது. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட விடைகள் திரும்பி வந்தன. அவற்றை எண்ணி, லாண்டன் வெற்றி பெறுவார் என்று அவ்விதழ் அறிவித்தது. ஆனால் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐக் கைப்பற்றிப் பெருவெற்றி கண்டார். அதே தேர்தலில், அவ்விதழைவிட மிகச் சிறிய மாதிரியைக் கொண்டே ஜார்ஜ் காலப் வெற்றியாளரைச் சரியாகக் கணித்தார். அவ்விதழ் முகவரிகளைப் பெரும்பாலும் தொலைபேசி வைத்திருந்தோர், மோட்டார் வண்டி வைத்திருந்தோர் பட்டியல்களிலிருந்து எடுத்திருந்தது. பொருளாதார வீழ்ச்சியில் வாடிய அந்நாளில் அவை ஏழையின் வீட்டில் ஏது? அட்டை பெற்றவர்களிலும் பெரும்பாலோர் விடை அனுப்பவில்லை.

இக்கதையின் பிற்பகுதி பலருக்குத் தெரியாது. அவ்விதழ் தன் அட்டையில், முந்திய 1932 தேர்தலில் எவருக்கு வாக்களித்தீர்கள் என்றும் கேட்டிருந்தது. லோர், பிரிக் என்னும் இரு புள்ளியியல் ஆய்வாளர் 2017-இல் அப்பழைய விடைகளை மீண்டும் எடுத்து, 1932 வாக்குகளைக் கொண்டு எடை போட்டுப் பார்த்தனர். ரூஸ்வெல்ட்டே வெல்வார் என்ற முடிவு கிடைத்தது. அவருடைய வெற்றியின் அளவைக் குறைத்தே காட்டினாலும், வெற்றியாளரை அது சரியாகச் சொல்லியது. மருந்து கையிலேயே இருந்தது. அதனைப் பயன்படுத்தத்தான் எவருக்கும் தோன்றவில்லை.

இரண்டாவது பாடம் 2012-ஆம் ஆண்டினது. எக்ஸ்பாக்ஸ் என்னும் விளையாட்டுக் கருவியின் வழி, அமெரிக்கத் தேர்தலைப் பற்றி ஆய்வாளர் சிலர் கேள்வி கேட்டனர். மூன்று இலட்சத்து நாற்பத்தையாயிரத்துக்கும் மேற்பட்டோர் விடை தந்தனர். அவர்களில் ஆண்கள் 93 விழுக்காடு; வாக்காளரிலோ ஆண்கள் 47 விழுக்காடு. முப்பது வயதுக்கு உட்பட்டோர் 65 விழுக்காடு. வாக்காளரிலோ 19 விழுக்காடு. இதைவிடச் சாய்ந்த மாதிரியைக் காண்பது அரிது. ஆயினும் வயது, கல்வி, மாநிலம், முந்திய வாக்கு எனப் பல தன்மைகளால் மக்களைச் சிறு சிறு பிரிவுகளாக்கி, ஆள் குறைந்த பிரிவுக்கு அதனை ஒத்த பிரிவுகளின் துணையைக் கொண்டு மதிப்பிட்டு, ஒவ்வொரு பிரிவுக்கும் உரிய எடையைத் தந்தபோது, முறையாக நடத்தப்பட்ட மற்ற ஆய்வுகளோடு ஒத்துப்போகும் முடிவு கிடைத்தது.

அது எப்படி இயன்றது? அத்தனை பேரில் பெண்கள் நூற்றுக்கு ஏழு பேரே எனினும், எண்ணிப் பார்த்தால் அவர்கள் இருபதாயிரத்துக்கும் மேல். முதியவரும் ஓரளவுக்கு இருந்தனர். குறைவாக இருந்தாலும் இருந்தார்கள் என்பதே முக்கியம்.

எடையால் தீராத குறை

இனி, இப்பாடத்தின் நடுநாயகமான செய்திக்கு வருவோம். பேசியவரின் குரலை எடைக் கணக்கு பெரிதாக்கும். பேசாதவருக்கு அதனால் குரல் தர இயலாது. ஒருவரை ஐந்தால் பெருக்கினால் ஐவர் ஆவர். சுழியத்தை எதனால் பெருக்கினாலும் சுழியமே.

முன்னர்க் கண்ட பத்து முதியோரை மீண்டும் நினைத்துப் பாருங்கள். கைப்பேசியில் விடை தந்த அவர்கள் எத்தகையவர்? பெரும்பாலும் பேரப்பிள்ளைகளோடு வாழ்பவர். ஊரை ஒட்டி இருப்பவர். எழுதப் படிக்கத் தெரிந்தவர். லயத்து வாசலில் நம்மைக் கேள்வி கேட்ட மூதாட்டியோ தனித்து வாழ்பவர். வயதுக் கணக்கில் அப்பத்துப் பேர் அவருக்காகவும் பேசுகிறார்கள். ஆனால் அவருடைய வாழ்க்கை அவர்களுடையது போன்றதன்று. ஒரே பிரிவில் விடை தந்தவரும் தராதவரும் ஒத்த நிலையினர் என்று நம்பித்தான் எடை போடுகிறோம். அந்நம்பிக்கை பொய்த்தால் எடையும் பொய்த்துவிடும்.

இன்னும் ஒன்று. எந்தத் தன்மையைக் கேள்வியில் கேட்டிருக்கிறோமோ, எந்தத் தன்மைக்கு அளவுகோல் கிடைக்கிறதோ, அதற்கு மட்டுமே எடை போட முடியும். பேராக் மாநிலத்து இந்தியர் என்னும் பிரிவுக்கு எடை போட்டு, எண்ணிக்கையைச் சரியாக்கிவிடலாம். ஆயினும் விடை தந்த இந்தியர் அனைவரும் ஈப்போ நகரத்தவராகவே இருந்தால், உட்புறத் தோட்டத்தில் வாழ்பவரின் குறை அக்கணக்கில் எங்கே தெரியும்? தாளில் எல்லாம் பொருந்தியிருக்கும். தோட்டத்துச் சாலை மட்டும் செப்பனிடப்படாமல் கிடக்கும்.

ஆகவே நல்ல ஆய்வாளர் எடையை மட்டும் நம்பியிருப்பதில்லை. இணையத்தோடு தொலைபேசியையும் நேர்முகத்தையும் சேர்த்துக்கொள்கின்றனர். 2020-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் இதனைக் கண்டோம். முதலில் இணையத்தின் வழி நிரப்ப வாய்ப்பளிக்கப்பட்டது. அவ்வாறு நிரப்பாதவர்களுக்காக, 2021-இல் கணக்கெடுப்பாளர்கள் வீடு தேடிச் சென்றனர். இணையம் எட்டாத இடத்தைக் கால் எட்டியது. கருத்தாய்விலும் இதுவே சிறந்த வழி. சிறிய அளவிலேனும் குலுக்கி எடுத்த வீடுகளுக்கு நேரில் சென்று கேட்டு, அதனோடு இணைய விடைகளை ஒப்பிட்டுத் திருத்த வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

கணக்குப் போடுவது புள்ளியியலாரின் வேலை. நம் குரலை அக்கணக்கில் சேர்ப்பது நம் வேலை. அதற்குச் சில கடமைகள் உண்டு.

ஒன்று: அரசாங்கக் கருத்தாய்வு வந்தால் விடை தருக. "நான் ஒருவன் சொல்லி என்ன ஆகப்போகிறது?" என்று எண்ண வேண்டா. தோட்டத்திலிருந்து விடை தருவோர் குறைவு என்பதால், உங்கள் ஒரு விடை ஐந்து பேரின் எடையைப் பெறலாம்.

இரண்டு: வயது, கல்வி, தொழில், வசிக்கும் இடம் ஆகியவற்றைக் கேட்கும் கேள்விகளை விட்டுவிடாதீர். "இதெல்லாம் எதற்கு?" என்று பலர் அவ்விடத்தில்தான் நிறுத்திவிடுகின்றனர். எடை போடுவதற்கு அவையே ஆதாரம். தொழிலை எழுதும் இடத்தில் பொதுவாக 'வேலை' என்று எழுதாமல், 'பால் மரம் வெட்டுபவர்' என்று தெளிவாக எழுதுக.

மூன்று: வீட்டிலுள்ள முதியோருக்குப் பிள்ளைகள் உதவுக. கேள்வியைப் படித்துக் காட்டி, அவர் சொல்வதையே நிரப்புக. தாத்தாவின் பெயரில் பேரனின் கருத்தை எழுதினால், அப்பிழையும் ஐந்து மடங்காகப் பெருகும். ஒருவரே இரு முறை நிரப்புவதும் கூடாது.

நான்கு: அச்சம் வேண்டா, விழிப்பு வேண்டும். புள்ளிவிவர இலாகா 1965-ஆம் ஆண்டுப் புள்ளிவிவரச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. தனியொருவர் தந்த விவரத்தை இரகசியமாகக் காப்பது அச்சட்டத்தின் கட்டளை. வங்கிக் கணக்கின் மறைச்சொல்லையோ, கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணையோ கேட்பவர் கருத்தாய்வாளர் அல்லர், ஏமாற்றுபவர். ஐயம் எழுந்தால் இலாகாவின் அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெறுக.

ஐந்து: தோட்டத் தலைவர்கள், ஆலய நிர்வாகத்தினர், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கத்தினர் ஆகியோர், தம் பகுதிக்குக் கேள்வி வந்து சேராவிட்டால் அதனைத் தெரிவிக்க வேண்டும். "எங்களைக் கேட்கவில்லை" என்று சொல்வதும் ஒரு விடையே.

பயிற்சி

மாலைப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து இக்கணக்கைச் செய்து பார்க்கலாம். ஒரு குடியிருப்பில் ஆண்கள் 300 பேர், பெண்கள் 300 பேர். இணையத்தில் விடை தந்தவர்: ஆண்கள் 80, பெண்கள் 20. மாலையில் பேருந்து வேண்டும் என்றவர்: ஆண்களில் 20 பேர், பெண்களில் 15 பேர். எடை போடுவதற்கு முன்னும் பின்னும் எத்தனை விழுக்காட்டினர் பேருந்து வேண்டும் என்கின்றனர்?

விடை: எடை போடுவதற்கு முன் 35 விழுக்காடு. ஆணுக்குரிய எடை 0.625, பெண்ணுக்குரிய எடை 2.5. எடை போட்டபின் 50 விழுக்காடு.

அன்பார்ந்த தோட்ட மக்களே, அன்று நம்மைக் கேள்வி கேட்ட மூதாட்டியின் பகுதியில் மாலைக் கூட்டம் மீண்டும் தொடங்கப்பட்டது. முதற்கூட்டத்திற்கு வந்தவர் மிகச் சிலரே. அவர் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். கூட்டம் முடிந்து மனுப் பாரத்தை நாமே நிரப்பிக் கொடுக்க, அவர் பெருவிரல் பதித்தார். வாளியைக் கலக்காமல் அள்ளக் கூடாது என்பதை நாம் ஆசிரியப் பயிற்சியில் கற்கவில்லை, உங்களிடம்தான் கற்றோம்.